போடி மலை ஜீப்பும் ஒரு பழைய கேள்வியும்: எது அசல்?

பழைய கார்களை வாங்கிப் புதுப்பிப்பது ஒரு பொழுதுபோக்கு என்றவுடன் எல்லோர் மனதிலும் ஒரு படம் வரும். சிவப்பு நிற எம்.ஜி., கம்பி ஆரம் வைத்த சக்கரங்கள், தலையில் தொப்பி வைத்த ஒரு பெரிய மனிதர், ஞாயிற்றுக்கிழமை காலை நேரத்து அணிவகுப்பு. தமிழ்நாட்டிலும் அந்த உலகம் உண்டு. இரண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுதளமாக இருந்த சோழவரத்தில் பல வருடங்கள் கார் பந்தயம் நடந்தது. 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதை நடத்தியது. கோவை அவினாசி சாலையில் ஜி.டி. நாயுடு குடும்பத்தார் 2015-ல் திறந்த கார் அருங்காட்சியகத்துக்குப் போனால் பழைய கார்களை வரிசையாகப் பார்க்கலாம்.

ஆனால் போடிநாயக்கனூரில் போய் "இங்கே பழைய ஸ்போர்ட்ஸ் கார் யாரிடம் இருக்கிறது?" என்று கேட்டால் டீக்கடையில் சிரிப்பார்கள். "ஜீப் இருக்கு, பார்க்குறீங்களா?" என்பார்கள் :-)

அந்த ஜீப்பும் லேசுப்பட்டதல்ல. ஏலமலைக்கும் போடிக்கும் நடுவில் பல தலைமுறைகளாக ஆளையும் காயையும் உரத்தையும் சுமந்தது அதுதான். போடியிலிருந்து போடிமெட்டு ஏறும் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். அடிவாரத்தில் வெயில் கொளுத்தும்; நாலாயிரம் அடிக்கு மேலே உள்ள மெட்டில் பனி மூடி முன்னால் போகும் வண்டி தெரியாது. இது தார்ச்சாலை, பரவாயில்லை. தோட்டத்துக்குள் இறங்கும் பாதைதான் சோதனை. கல்லும் சேறும் மட்டும் இருக்கும். கொழுக்குமலைக்கு இன்றைக்கும் சூரியநெல்லியிலிருந்து ஜீப்பில்தான் போகவேண்டும். ஏறக்குறைய 8,000 அடி உயரத்தில் உள்ள அந்தத் தேயிலைத் தோட்டம் தேனி மாவட்டத்தில் இருக்கிறது. பாதை மட்டும் கேரளாப் பக்கம்!

ஜீப்புக்கும் ஸ்போர்ட்ஸ் காருக்கும் என்ன உறவு?

இதில் ஒரு வேடிக்கையான தாயாதி உறவு இருக்கிறது. இங்கிலாந்தில் 'ஆஸ்டின் செவன்' என்று ஒரு குட்டிக் கார் இருந்தது. அதை அமெரிக்காவில் செய்வதற்காக 1929-ல் ஒரு கம்பெனி தொடங்கினார்கள். அது நொடித்துப் போய், 'அமெரிக்கன் பாண்டம்' என்ற பெயரில் மறுபடி எழுந்தது. 1940-ல் அமெரிக்க ராணுவம் லேசான ஒரு நாலு சக்கர இழுவை வண்டி கேட்டபோது, முதல் மாதிரி வண்டியை அவசர அவசரமாகச் செய்து கொடுத்தது இந்தக் கம்பெனிதான். ஆனால் பெரிய ஆர்டர் வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் போய்விட்டது. போர் முடிவதற்குள் இருவரும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கும் மேல் ஜீப்புகளைச் செய்து தள்ளினார்கள்.

அதே ஆஸ்டின் செவன் ஒன்றை 1948-ல் காலின் சாப்மன் என்ற இளைஞர் லண்டனில் பிரித்துப் போட்டுத் தன் முதல் பந்தயக் காரைச் செய்தார். அதுதான் முதல் லோட்டஸ். ஆக, லோட்டஸும் ஜீப்பும் தூரத்துப் பங்காளிகள். ஒன்று பந்தயத்துக்குப் போனது, இன்னொன்று ஏலத்தோட்டத்துக்கு வந்தது.

இந்தியாவில் 1945-ல் தொடங்கிய மகிந்திரா கம்பெனி, 1940-களின் கடைசியில் பம்பாயில் வில்லிஸ் ஜீப்பைப் பூட்ட ஆரம்பித்தது. பிறகு சி.ஜே.-3பி என்ற மாடல் வந்தது. அதன் மூக்கு மட்டும் தூக்கலாக இருக்கும். காரணம் எஞ்சின். பழைய வில்லிஸில் இரண்டு வால்வுகளும் பிளாக்கிலேயே பக்கவாட்டில் நிற்கும். சி.ஜே.-3பி-யின் எஞ்சினில் காற்று உள்ளே போகும் வால்வை மேலே ஹெட்டுக்கு ஏற்றி, புகை வெளியே போகும் வால்வைக் கீழே பிளாக்கிலேயே விட்டார்கள். எஞ்சின் உயரமாகிவிட்டது, பானெட்டையும் உயர்த்த வேண்டியதாயிற்று. பலன் என்ன? அதே 2.2 லிட்டர் கொள்ளளவில் 60 குதிரைத் திறன் 70-ஐத் தாண்டியது. அமெரிக்காவில் இந்த மாடல் 1953-ல் வந்து 1968-ல் நின்றுபோனது. இந்தியாவில் அதன் வாரிசுகள் அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் ஓடின.

ஒரு ஜீப், இரண்டு எஞ்சின்

சரி, விஷயத்துக்கு வருவோம். போடியில் ஒரு இளைஞர் இருக்கிறார் என்று வைத்துக் கொள்வோம். தாத்தா காலத்து 1968 மாடல் சி.ஜே.-3பி ஒன்று வீட்டுக் கொட்டகையில் நிற்கிறது. தாத்தா அதை ஓட்டியது பெட்ரோலில். பெட்ரோல் விலை ஏற ஏற, அப்பா காலத்தில் டீசல் எஞ்சினை மாட்டியாகிவிட்டது. இந்தியாவில் ஆயிரக்கணக்கான ஜீப்புகளின் கதை இதுவேதான். மகிந்திராவே 1970-களில் டிராக்டர் எஞ்சின் வழிவந்த டீசலைப் பொருத்த ஆரம்பித்தது. 1985-ல் வந்த எம்.எம். 540-ல் பிரெஞ்சு பியூஜோ வகை டீசல் எஞ்சின். பட்டறைக்காரர்கள் அதைப் பார்த்துப் பழைய பெட்ரோல் ஜீப்புகளிலும் டீசலைத் தூக்கி வைத்தார்கள்.

இப்போது மகனுக்கு வண்டியை 'அசலாக' மாற்ற ஆசை. கொட்டகை மூலையில் சாக்கு போட்டு மூடிய பழைய பெட்ரோல் எஞ்சின் கிடக்கிறது. அப்பாவுக்குப் பிடிக்கவில்லை.

"ஏப்பா, டீசல் மாத்தினதாலதானே இந்த வண்டி இன்னைக்கு உன் கண்ணுல படுது? இல்லேன்னா அன்னைக்கே இரும்புக் கடைக்குப் போயிருக்கும்."

அப்பா சொல்வதிலும் நியாயம் இருக்கிறதா, இல்லையா? கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

பெட்ரோல் எஞ்சினை உயிர்ப்பிக்க முடியுமா என்றால், தாராளமாக முடியும். எஞ்சினை முழுதாகப் பிரிக்க வேண்டும். சிலிண்டர் தேய்ந்திருந்தால் லேத் பட்டறையில் போர் அடித்துப் பெரிய பிஸ்டன் போடலாம். ரொம்பத் தேய்ந்திருந்தால் ஸ்லீவ் இறக்கலாம். கிராங்கை அளந்து, தேவைப்பட்டால் அரைத்து, அதற்கேற்ற பேரிங் போட வேண்டும். பிளாக்கின் தண்ணீர் வழியில் அடைத்திருக்கும் துருவை எடுப்பதுதான் பெரிய வேலை. அதை விட்டுவிட்டால் ஏழாவது வளைவில் ரேடியேட்டர் கொதிக்கும்.

உதிரிப்பாகம் விஷயத்தில் ஜீப் கொடுத்து வைத்த வண்டி. இங்கே எம்.ஜி. வைத்திருப்பவர் ஒரு சின்ன ரப்பர் வாஷருக்குக்கூட இங்கிலாந்துக்கு எழுதிக் காத்திருக்க நேரும். ஜீப்புக்கு அந்தக் கவலை குறைவு. சென்னை புதுப்பேட்டை மாதிரி இடங்களில் தேடிப்பார்க்கலாம். கிடைக்காததை லேத்தில் கடைந்து கொள்ளலாம். பாடியும் அப்படித்தான். எம்.ஜி.யின் பழைய மாடல்களில் தகடுக்கு உள்ளே மரச்சட்டம் இருக்கும். மரம் உளுத்தால் தச்சர் வேண்டும். ஜீப் தட்டையான தகடு. கை பழகிய டிங்கர் மேஸ்திரி ஒருவர் போதும். ஒரே எச்சரிக்கை: துருப்பிடித்த ஓட்டையைப் பட்டி வைத்து மூடி மேலே பளபளவென்று பெயிண்ட் அடித்தால் அதற்குப் பெயர் புதுப்பித்தல் அல்ல. ஒரு மழைக்காலம் போனால் உள்ளேயிருந்து கொப்பளம் கிளம்பும். துருப்பிடித்த இடத்தை வெட்டி எடுத்துப் புதுத் தகடு பற்ற வைப்பதுதான் முறை.

மலையில் ஓட்டும்போது வேறு கணக்குகளும் உண்டு. உயரம் ஏற ஏறக் காற்று மெலியும். கார்புரேட்டர் அதற்கேற்ப பெட்ரோலைக் குறைக்காது. ஆகவே கலவை கெட்டியாகி, இழுவை குறைந்து, கரும்புகை வரும். அடிவாரத்து வெயிலில் குழாயிலேயே பெட்ரோல் ஆவியாகி எஞ்சின் நின்றுபோவதும் உண்டு. பழைய டிரைவர்கள் பெட்ரோல் பம்ப் மேல் ஈரத்துணி சுற்றி வைப்பது இதற்காகத்தான். இறங்கும்போது நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக். மிதித்துக்கொண்டே இறங்கினால் சூடேறிப் பிடிப்பு போய்விடும். எந்த கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்கு என்பது மலை டிரைவர்களின் பாடம். இந்தப் பாடத்தைக் காற்றில் விட்டு, அளவுக்கு மீறி ஆள் ஏற்றிப் போன ஜீப்புகள் பள்ளத்தில் உருண்டு தோட்டத் தொழிலாளர்கள் செத்ததும் இந்த மலையின் கதைதான். பழைய ஜீப்பைப் பற்றிப் பேசும்போது வெறும் அழகை மட்டும் பேசினால் அது பொய்யாகிவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

இங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. 2021 ஜூலையில் மத்திய அரசு பழம்பெரும் வண்டிகளுக்கென்று தனி விதிகள் கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய இருசக்கர, நாலு சக்கர வண்டிகளை 'விண்டேஜ்' என்று பதியலாம். எண்ணில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும். புதுப்பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். மறுபதிவுக்கு 5,000 ரூபாய். ஆனால் இரண்டு நிபந்தனைகள். ஒன்று, சேசிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யாமல் அசல் வடிவில் இருக்க வேண்டும். இரண்டு, கண்காட்சி, அணிவகுப்பு, ஆராய்ச்சி, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது போன்றவற்றுக்குத்தான் ரோட்டில் ஓட்டலாம். அன்றாட ஓட்டத்துக்கும் வாடகைக்கும் கூடாது.

நம் கதை ஜீப்பை இந்த விதிக்குள் வைத்துப் பாருங்கள். வயது தேறிவிட்டது. ஆனால் அரை நூற்றாண்டு அதை உயிரோடு வைத்திருந்த டீசல் எஞ்சினே இப்போது அதன் குறையாகிறது! வீட்டில் பூட்டி வைத்து, வருடம் ஒருமுறை துடைத்தவரின் வண்டி 'அசல்'. தினமும் மலை ஏற்றியவரின் வண்டி 'மாற்றப்பட்டது'. பெட்ரோல் எஞ்சினைத் திரும்ப வைத்து விண்டேஜ் என்று பதிந்துகொண்டால் வண்டி அசலாகிவிடும். ஆனால் அதற்குப் பிறகு தோட்டத்துக்குத் தினமும் போக முடியாது.

பிலிப்பைன்ஸிலும் இதே கதை வேறு ரூபத்தில் உண்டு. போர் முடிந்து அமெரிக்கர்கள் விட்டுப்போன ஜீப்புகளை நீட்டி, வண்ணம் அடித்து, 'ஜீப்னி' என்ற பேருந்தாக ஆக்கினார்கள். நாட்டின் அடையாளமாகவே அது மாறிப்போனது. 2017-ல் அந்த அரசு பழைய ஜீப்னிகளை நீக்கிப் புது வண்டிகள் கொண்டுவரும் திட்டத்தைத் தொடங்கியதும் ஓட்டுநர்கள் எதிர்த்தார்கள். புகை குறைய வேண்டும் என்பது உண்மை. பிழைப்பு போகக்கூடாது என்பதும் உண்மை.

தேர் சொல்லும் பதில்

அசல் என்றால் என்ன என்ற கேள்வி நம் ஊருக்குப் புதிதல்ல. கோயில் தேரில் அச்சு உளுத்தால் அச்சை மாற்றுவார்கள், சக்கரம் போனால் சக்கரத்தை மாற்றுவார்கள். திருவாரூர் ஆழித்தேர் 1926-ல் தீயில் எரிந்தது. பிறகு புதிதாகச் செய்தார்கள். அதை யாரும் 'நகல் தேர்' என்று சொல்வதில்லை. வீதியில் ஓடுகிறது, அதனால் அது ஆழித்தேர்தான்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. திருப்பணி என்ற பெயரில் பழைய தூண்களை மணல் பீய்ச்சித் தேய்த்ததில் கல்வெட்டு எழுத்துகள் மழுங்கிப்போன கோயில்களும் உண்டு. ஓட வேண்டும் என்பதற்காக எதை வேண்டுமானாலும் மாற்றலாம் என்றால், கடைசியில் கையில் மிஞ்சுவது பெயர்ப் பலகை மட்டும்தான்.

உலகப் பழைய வண்டிச் சங்கங்களின் கூட்டமைப்பான ஃபீவா, 2012-ல் ஏற்றுக்கொண்ட டூரின் சாசனத்தில் இதற்கு ஒரு நிதானமான வழி இருக்கிறது. வண்டியை எப்போதும் தொழிற்சாலையிலிருந்து வந்த நாளுக்கே திருப்ப வேண்டும் என்பதில்லை. அதன் வாழ்நாளில் நடந்தவையும் அதன் வரலாறுதான். செய்யும் வேலையை எழுதி வைக்க வேண்டும், முடிந்தவரை குறைவாக மாற்ற வேண்டும்.

போடி இளைஞருக்கும் இது பொருந்தும். டீசல் எஞ்சினை மாட்டுவதற்காக அப்பா காலத்தில் சேசிஸை எங்கே வெட்டினார்கள், எங்கே புதுத் தாங்கி வைத்தார்கள் என்று முதலில் ஒரு நோட்டில் எழுதலாம். பெட்ரோல் எஞ்சினைப் பிரித்துச் சரிசெய்து, எண்ணெய் விட்டு, ஓடும் நிலையில் ஸ்டாண்டில் வைக்கலாம். தோட்ட வேலை இருக்கும்வரை ஜீப் டீசலில் ஓடட்டும். ஒருநாள் மலையேற வேண்டிய தேவை தீர்ந்தால், அன்றைக்கு எஞ்சினை மாற்றி, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முறைப்படி பதிந்து, விண்டேஜ் எண் வாங்கிக் கொள்ளலாம். கழற்றிய டீசல் எஞ்சினையும் அதே சாக்கைப் போட்டு மூடி வைக்க வேண்டும். தாத்தாவின் எஞ்சின் எவ்வளவு அசலோ, அப்பாவின் எஞ்சினும் அந்தக் குடும்பத்துக்கு அவ்வளவு அசல்.

அப்பா இதற்கு என்ன சொல்வார்? "சரி சரி, முதல்ல பிரேக்கைப் பாரு" என்பார். ஏனென்றால் 17 வளைவும் இறங்கித்தானே வீட்டுக்கு வரவேண்டும்!