மலைமேட்டுக் காவலர்

படவேட்டின் பழம்பெயர் படைவீடு. சம்புவராயர்களின் தலைநகராக விளங்கிய அவ்வூர், இன்று ஜவ்வாது மலையடிவாரத்தில் வாழைத் தோட்டங்கள் சூழ அமைதியாக இருக்கிறது. ஆயினும் படைத்தொழில் இவ்வட்டாரத்தை விட்டு நீங்கிவிடவில்லை. அண்மையிலுள்ள கம்மவான்பேட்டை, தலைமுறை தலைமுறையாக இராணுவத்துக்கு வீரர்களை அனுப்பும் ஊர் எனப் பெயர் பெற்றது. இப்பகுதி இளைஞர்கள் லடாக்கின் பனிமலைகளில் காவல் நிற்கச் செல்லும்போது, தம் வீட்டுக் கொல்லையில் மாங்காய் கொறித்த அணிலின் உறவினரை அங்கே காண்கின்றனர். அதுவே மர்மோட். லடாக்கியர் அதனைப் ‘பியா’ என்பர்.

அணில் குடும்பத்தைச் சேர்ந்ததெனினும் அதற்கு மரமேறத் தெரியாது. ஏறுவதற்கு அங்கு மரமும் இல்லை. பூனையினும் பருத்த உடல், குட்டையான கால்கள், மண் அகழும் வலிய நகங்கள். 4,000 மீட்டர் உயரத்துப் புல்வெளிகளிலும் அது குடும்பம் குடும்பமாக வளை தோண்டி வாழ்கிறது. மேயும்போது இடையிடையே பின்னங்கால்களில் நிமிர்ந்து நின்று சுற்றிலும் நோக்கும். பொன்னிறக் கழுகோ, ஓநாயோ, பனிச்சிறுத்தையோ கண்ணிற்பட்டால் கூரிய சீழ்க்கை ஒன்று எழும். மறுகணம் வெளியில் ஒன்றையும் காண இயலாது.

அதன் வாழ்வில் வியப்புக்குரியது உறக்கமே. ஆண்டில் ஏறத்தாழ ஆறு மாதம் அது வளைக்குள் உறங்கும். குளிர் நெருங்கியதும் மண்ணும் கல்லும் கொண்டு வாயிலை உள்ளிருந்தே அடைத்துவிட்டு, குடும்பத்தோடு நெருங்கிச் சுருண்டு கொள்ளும். உடல் வெப்பம் வெகுவாகத் தாழும்; இதயம் நிமிடத்திற்குச் சில முறையே துடிக்கும். இடையிடையே சிறிது விழித்தாலும் வெளியே வருவதில்லை. கோடையில் தின்ற புல்லும் வேரும் விதையும் உடற்கொழுப்பாக மாறி இத்தனை மாதமும் அதனைக் காக்கின்றன. ஆகவே அதன் கோடை விளையாட்டுக் காலமன்று, சேமிப்புக் காலம்.

இவ்விலங்கைச் சுற்றிப் பழங்கதையும் உண்டு. இந்தியாவின் பாலைநிலத்தில் நாயினும் சிறிய, நரியினும் பெரிய எறும்புகள் பொன்மணலைத் தோண்டுவதாகக் கிரேக்க ஆசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதினார். மகாபாரதத்தின் சபாபருவமும் எறும்புப் பொன்னைக் குறிப்பிடுகிறது. தியோசாய் பீடபூமியில் மர்மோட் வளையின் மண்ணிலிருந்து மக்கள் பொன்துகள் சேகரித்ததைக் கேட்டறிந்த மிஷேல் பெய்சல், அவ்வெறும்பு மர்மோட்டே என 1984இல் நூலெழுதினார். எறும்பென்று அதனைச் சொன்னவர் எவரோ, அவர் அதன் உழைப்பையேனும் நன்கு கண்டவராதல் வேண்டும்.

இன்று அதனைத் தேடி வருவோர் பொன்னுக்காக வருவதில்லை. பாங்காங் ஏரிச் சாலையில் வண்டியை நிறுத்தி, பிஸ்கட்டை நீட்டிப் படமெடுக்கின்றனர். அன்பினால் செய்வதுதான், ஆனால், மாவும் சர்க்கரையும் அதன் இயல்பான உணவல்ல. மனிதனைக் கண்டால் ஒளிந்த உயிர் இப்போது கையேந்தி ஓடிவருகிறது. அச்சம் தொலைத்த விலங்குக்குச் சாலையில் விரையும் சக்கரமும் தெரியாது, முகாம்களைச் சுற்றித் திரியும் நாயும் தெரியாது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுக்கும். நீட்டிய கையை யார் தடுப்பது?

இலையுதிர்காலம் முடிவதற்குள் சீழ்க்கை ஓய்ந்துவிடும். வளை வாயில்கள் அடைபட்ட மலைமேட்டில் பனி பொழியத் தொடங்கும். அதன்மேல் காவல் நிற்பவர் வீரர் மட்டுமே.