போளியும் அதன் பதமும்

போளி என்ற பெயரைக் கேட்டும் நாவில் நீர் ஊறாத நேயர்கள் யாரேனும் இருப்பின், அவர்கள் இப்பக்கத்தைப் புரட்டிவிட்டுத் தொடர்கதைக்குச் சென்றுவிடலாம், எங்களுக்கு வருத்தமில்லை. மற்றவர்களிடம் சொல்வதற்கு ஒரு விஷயம் இருக்கிறது. தின்பதற்கு இரண்டு நிமிஷம் போதுமான இந்தப் பண்டத்தைச் செய்வதற்கு அரை நாள் வேண்டும். அந்த அரை நாளைச் செலவிடுவதா, வேண்டாமா என்ற கேள்வி இவ்வருஷம் போகிக்கு ஒரு வாரம் முன்பு எங்கள் வீட்டில் எழுந்தது.

எங்கள் தாயாருக்கு வயது 76. சென்ற ஆவணியில் வந்த பக்கவாதத்தினால் அவருடைய வலக்கை முன்போல் மடங்குவதில்லை. ஐம்பது போகிகளுக்கு மேல் மாவு பிசைந்த கை அது. "கடைத்தெருவில் நல்ல போளி கிடைக்கிறதே! இருபது வாங்கினால் தீர்ந்தது" என்று தம்பி தொலைபேசியில் சொன்னான். நியாயமான யோசனைதான். கணவன் மனைவி இருவருமே பள்ளி ஆசிரியர்களாயிருக்கும் வீட்டில் அரை நாள் என்பது சாமான்யமான பொருளன்று. ஆனால் அம்மா அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. எதற்கும் ஒன்றும் சொல்லாமல் இருப்பது அவர் வழக்கமே அன்று. ஆகவே வீட்டிலேயே செய்வது என்று தீர்மானித்தோம்.

போளி எந்த நாட்டுப் பண்டம் என்பதில் ஒரு சிறு வழக்கு உண்டு. மராட்டியர் அதைப் பூரண போளி என்பர். ஹோலிப் பண்டிகையன்று மூட்டும் தீக்கு அதை நிவேதனம் செய்வர். கன்னட நாட்டில் அதுவே ஒப்பட்டு, ஹோளிகே. யுகாதி விருந்தில் அதற்குத்தான் முதல் மரியாதை. ஆந்திரத்தில் பொப்பட்டு. குஜராத்தில் துவரம்பருப்பை வைத்துச் செய்து வேட்மி என்கிறார்கள். திருவனந்தபுரத்திலோ கலியாண விருந்தில் போளியின்மேல் பால் பாயசத்தை வார்த்து உண்கிறார்கள். எங்கள் தஞ்சைச் சீமையை 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சத்ரபதி சிவாஜியின் சகோதரர் ஏகோஜி கைப்பற்றினார். 1855ல், ஆண் வாரிசு இல்லை என்று சொல்லிக் கும்பெனியார் இணைத்துக்கொள்ளும்வரை மராட்டிய வம்சத்தின் பெயர் அங்கே நிலவியது. போளியும் அவர்களோடு வந்ததுதான் என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். எங்களோடு பணிபுரியும் கன்னடக்காரர் ஒருவர் இதை ஒப்புக்கொள்வதாக இல்லை. பூரணம் வெளியே பிதுங்காமல் தட்டத் தெரிந்தவர் எவரோ அவர் பக்கமே தீர்ப்பளித்துவிடலாம் என்பது எங்கள் அபிப்பிராயம்.

சரி, அடுப்படிக்கு வருவோம். அம்மாவிடம் அளவு கேட்டால், "கண் அளவுதான்" என்பார். பதிநான்கு வயதான எங்கள் பெண்ணுக்கு இந்த அளவில் நம்பிக்கையில்லை. தராசும் நோட்டுப் புத்தகமும் கொண்டுவந்து, பாட்டி "போதும்" என்று சொல்லும் ஒவ்வொரு இடத்திலும் நிறுத்தி எழுதிக்கொண்டாள். கடலைப்பருப்பு 250 கிராம், வெல்லம் 250, மைதா 250, நல்லெண்ணெய் 100 மில்லி. இவை போக ஏலக்காய், சிட்டிகை மஞ்சள்தூள், சிட்டிகை உப்பு.

பருப்பை ஒரு மணி நேரம் ஊறவைத்துத் திறந்த பாத்திரத்தில் வேகவிட வேண்டும். குக்கரில் குழைந்து போகும். விரலால் நசுக்கினால் மசிய வேண்டும். ஆனால் பருப்பின் உருவம் கெடக்கூடாது. வடித்த நீரைக் கொட்டிவிடாதீர்கள். மராட்டியர் அதில் புளியும் காரமும் சேர்த்து ஆம்டி என்ற குழம்பு வைக்கிறார்கள்; கன்னடர் ஒப்பட்டுச் சாறு வைக்கிறார்கள். நாங்கள் ரசம் வைத்தோம். போளிக்கு முன்னால் அந்த ரசம் தீர்ந்துவிட்டது என்பதை இங்கே குறிப்பிட வேண்டும்.

நீர் விடாமல் அரைத்த பருப்பை, கரைத்து மண் நீக்கிய வெல்லத்தோடு சேர்த்துக் கிளறுவதுதான் உயிர்நாடியான கட்டம். இங்கே அம்மா ஒரு வித்தை காட்டினார். கூடத்தில் நாற்காலியில் அமர்ந்திருந்தவருக்கு உருளி தெரியாது. முதலில் பூரணம் கொதக் கொதக்கென்று குமிழியிட்டுக் கொண்டிருந்தது. சிறிது நேரத்தில், "அடுப்பைத் தணிடா, சத்தம் மாறிவிட்டது" என்று குரல் வந்தது. பார்த்தால், நீர் சுண்டிப் பூரணம் பாத்திரத்தை விட்டு விலகிக் கரண்டியோடு சுற்றி வந்துகொண்டிருந்தது. இத்தனை வருஷங்களாக அவர் இதைக் காதாலும் அறிந்து வைத்திருந்தார் என்பது எங்களுக்குத் தெரியாது; கையும் கண்ணும் உதவிய நாட்களில் அவருக்கே தெரிந்திருக்குமோ என்னவோ! பெண் அதை நோட்டில் எப்படி எழுதுவதென்று விழித்தாள். கடைசியில், "ஓசை அடங்கும் வரை" என்று எழுதினாள்.

மாவு பிசையும் பொறுப்பைப் பதினேழு வயதுப் பையனிடம் ஒப்படைத்தோம். பந்து வீசும் கைக்கு இதுவும் ஒரு பயிற்சி. ரொட்டி மாவைவிட இளக்கமாக, காது மடலைத் தொட்டாற்போல் இருக்க வேண்டும். மைதாவில் உள்ள புரதங்கள் நீர் பட்டுப் பிசையப்படும்போது பின்னிக்கொண்டு வலைபோலாகின்றன. பிசைந்த உடனே இழுத்தால் ரப்பரைப்போலத் திரும்பச் சுருங்கும். எண்ணெயில் மூழ்கவிட்டு இரண்டு மூன்று மணி நேரம் மூடிவைத்தால் அந்த வலை தளர்ந்து, இழுத்த இழுப்புக்கு வரும். பருப்புக்கோ தானாக ஒட்டி நிற்கும் இந்தச் சக்தி கிடையாது. ஆகவே அதைச் சுமப்பது மேல்மாவின் வேலை. மாவு பூரணத்தைவிட இறுகியிருந்தால் தட்டும்போது விரியாமல் ஓரத்தில் கிழிந்து பூரணம் எட்டிப் பார்க்கும். பூரணம் நீர்த்திருந்தாலும் அதே கதிதான். இரண்டும் ஏறக்குறைய ஒரே மென்மையில் இருக்க வேண்டும். அம்மா "பதம்" என்ற ஒரே சொல்லால் குறிப்பிட்டது இதைத்தான்.

மாவு உருண்டை 28 கிராம், பூரண உருண்டை 40 கிராம் என்று தராசு சொல்லிற்று. உள்ளே இருப்பது வெளியே இருப்பதைவிடப் பெரியது! எண்ணெய் தடவிய வாழையிலையில் வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு விரல் நுனிகளால் தட்டிக்கொண்டே போக வேண்டும். இலையோடு தோசைக்கல்லின்மேல் கவிழ்த்தால், சூடு பட்டதும் இலை தானே விட்டுக்கொடுக்கும். கல் கனமான இரும்புக் கல்லாயிருப்பது நலம். மெல்லிய வாணலியில் ஓரிடம் கருகும், ஓரிடம் வேகாது. நடுத்தரமான தீ, சுற்றிலும் ஒரு கரண்டி நெய், இரு புறமும் பொன்னிறப் புள்ளிகள் விழுந்தால் எடுத்துவிடலாம். ஒன்றிரண்டு போளிகளில் வெல்லம் கசிந்து கல்லில் கருகுவதுண்டு; ஈரத்துணியால் உடனே துடைத்துவிட்டே அடுத்ததைப் போட வேண்டும். இல்லாவிட்டால் கசப்பு ஒட்டிக்கொள்ளும்.

எட்டாவது போளியின்போது அம்மா நாற்காலியைச் சமையலறைக்குள் கொண்டுவரச் சொன்னார். இலையைத் தம் மடிப் பலகையில் வைத்து, இடக்கையால் ஒன்றைத் தட்டினார். வெகு நேரம் ஆயிற்று. யாரும் உதவப் போகவில்லை. போனால் கோபித்துக்கொள்வார் என்பது எல்லோருக்கும் தெரியும். வட்டமாக வரவில்லை, இலங்கைத் தீவைப்போல ஒரு புறம் குறுகியிருந்தது. ஆனால் பூரணம் ஓரிடத்திலும் வெளியே வரவில்லை. மருமகள் அதைக் கல்லில் இட்டுத் திருப்பும்வரை அவர் கண் அகலவில்லை.

மொத்தம் பதினேழு தேறின. தேங்காய்ப் பூரணமாயிருந்தால் அன்றே தீர்க்க வேண்டும்; பருப்புப் போளி மறுநாளும் தாங்கும் என்பதால் நான்கை மூடி வைத்தோம். அம்மா ஒன்றைத் தின்றுவிட்டு, "மாவுக்கு எண்ணெய் போதவில்லை" என்றார். பெண் நோட்டைத் திறந்து 100ஐ அடித்துவிட்டு 120 என்று எழுதினாள்.