சாம்பல் இழுக்கும் கல்

நான் பி.காம். படிக்கிறவன். உனக்கெதுக்குப்பா பிசிக்ஸ் என்று யாரும் கேட்கக்கூடாது, இப்பவே சொல்லிட்டேன் :-)

டூர்மலின் என்று ஒரு கல். 'தோரமல்லி' என்ற சிங்களப் பெயர்தான் அப்படி ஆனது. 1700-களின் தொடக்கத்தில் டச்சுக்காரர்கள் இலங்கையிலிருந்து ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். சூடான கல் புகைக்குழாய்ச் சாம்பலை இழுத்ததால் அதற்கு 'சாம்பல் இழுப்பான்' என்றே பெயர். அது மின்சாரத்தின் வேலைதான் என்று 1756-ல் ஏப்பினுஸ் என்ற ஜெர்மானியர் சோதித்துக் காட்டினார். சூடு ஏறும்போது ஒரு முனை நேர்மின், மறுமுனை எதிர்மின்.

படித்ததும் கை சும்மா இருக்குமா? ஆன்லைனில் விரல் நீளத்துக்கு ஒரு கருப்பு டூர்மலின் வாங்கினேன். 2023 ஆடி மாசம், மாஞ்சோலை லைன் வீட்டில் ஆச்சியை உட்கார வைத்து செய்துகாட்டினேன். தோசைக்கல்லில் மெதுவாகச் சூடாக்கி, மரக் கிளிப்பால் தூக்கி, ஊதுபத்திச் சாம்பலுக்கு மேலே பிடித்தேன். ஒரு துகள்கூட அசையவில்லை.

"ஏலே, கல்லைச் சுட்டா கல்லாத்தாம்ல இருக்கும்" என்றாள் ஆச்சி.

கல்லின் தப்பில்லை. துவைத்த துணி நாள்கணக்கில் காயாத ஊர் எங்கள் ஊர். ஈரக் காற்றில் கல் ஆற ஆற, மேலே மெல்லிய நீர்ப்படலம் படியும். வந்த மின்னூட்டம் அது வழியாகக் கசிந்துவிடும்.

2024-ல் எஸ்டேட் வேலை நின்றது. மூன்று தலைமுறை இருந்த வீட்டைக் காலி செய்து கீழே இறங்கினோம். போன சித்திரையில், திருநெல்வேலி வாடகை வீட்டில் பெட்டியைக் குடையும்போது அந்தக் கல் கிடைத்தது. அதே தோசைக்கல், அதே ஆச்சி. இந்த முறை சாம்பல் துள்ளி வந்து ஒட்டிக்கொண்டது!

இதில் விஷயம் என்னவென்றால், கல் எவ்வளவு சூடாக இருக்கிறது என்பது கணக்கே இல்லை. சூடு மாறவேண்டும். காமர்ஸ் பாஷையில் சொன்னால், இருப்பைப் பார்க்காது, வித்தியாசத்தைத்தான் பார்க்கும். ஒரே சூட்டில் வைத்திருந்தால் கொஞ்ச நேரத்தில் மின்னூட்டம் கசிந்து தீர்ந்துவிடும். ஆறும்போது மறுபடி வரும், முனைகள் மட்டும் மாறியிருக்கும். ஆள் நடந்தால் தானாக எரிகிற விளக்கில் இருக்கும் சென்சாரும் இதே வேலைதான் செய்கிறது, நம் உடம்புச் சூட்டை வைத்து.

இதையெல்லாம் ஆச்சிக்கு விளக்கினேன். மேலே மழை ஈரத்தில்தான் நடக்கவில்லை, இங்கே காய்ந்த காற்று என்றேன்.

ஒட்டியிருந்த சாம்பலையே பார்த்துக்கொண்டிருந்தவள் சொன்னாள்: "ஆமாலே. அந்த ஈரம் இங்க ஏது."