டி-டைமருக்கு முன்

காலில் வீக்கம் என்று அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஒருவர் வந்தால் என் கை முதலில் இஞ்ச் டேப்பைத்தான் தேடும். முழங்காலுக்குக் கீழே, முன்புறம் துருத்தி நிற்கும் எலும்பு மேட்டிலிருந்து 10 செ.மீ. இறங்கி, இரண்டு கெண்டைக்கால்களையும் சுற்றி அளப்பேன். வீங்கிய கால் 3 செ.மீ.க்கு மேல் பருத்திருந்தால் ஒரு புள்ளி.

கனடாவில் பிலிப் வெல்ஸ் குழுவினர் 1990-களில் வகுத்து, பிறகு செம்மைப்படுத்திய கணக்கு இது; ஆழ்சிரையில் ரத்தக்கட்டு இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று மதிப்பிடுவது. ஒரு காலத்தில் ஆழ்சிரையில் ரத்தக்கட்டு இருக்கிறதா என்று பார்க்க, பாதத்துச் சிரையில் ஊசி குத்திச் சாயம் ஏற்றி எக்ஸ்ரே எடுப்பார்கள். ஏற்கெனவே வீங்கிய காலில்! வெல்ஸ் கணக்கில் புற்றுநோய், மாவுக்கட்டு, அண்மையில் நடந்த பெரிய அறுவை சிகிச்சை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. எனக்கு மிகப் பிடித்தது கடைசி வரி: வீக்கத்துக்கு வேறொரு காரணமும் அதே அளவு பொருந்துமானால் இரண்டைக் கழி. அந்த வரிக்காகவே தோல் சிவந்து சுடுகிறதா என்று தொட்டுப் பார்க்கிறேன், முழங்கால் மடிப்பில் நீர்க்கட்டி தட்டுப்படுகிறதா என்று தடவுகிறேன்.

புள்ளியைக் கேஸ் ஷீட்டில் எழுதிய பிறகே, ரத்தக்கட்டு சிதையும்போது உண்டாகும் துணுக்கை அளக்கும் டி-டைமர் பரிசோதனைக்கு ரத்தம் போக வேண்டும் என்று பயிற்சி மருத்துவர்களிடம் பிடிவாதமாகச் சொல்வேன். முடிவைப் பார்த்துவிட்டால் மனம் அதற்கேற்பப் புள்ளி போட ஆரம்பித்துவிடும். கர்ப்பம், நிமோனியா, முதுமை எல்லாமே டி-டைமரை ஏற்றும். அது கூடியிருப்பதை மட்டும் வைத்து ரத்தக்கட்டு என்று சொல்ல முடியாது. புள்ளி குறைந்தவருக்கு அது இயல்பாக வந்தால்தான் அதன் முழுப் பயன்: நிம்மதியாக வீட்டுக்கு அனுப்பலாம்.

மற்றவர்களுக்கு அல்ட்ராசவுண்ட். தொடையிடுக்கில் ஜெல் தடவி புரோபை வைத்தால் தமனியும் சிரையும் இரண்டு கரிய வட்டங்களாக அருகருகே தெரியும். மெல்ல அழுத்தினால் தமனி துடித்தபடி வட்டமாகவே நிற்கும்; நல்ல சிரை இமை மூடுவதுபோல் மூடிக்கொள்ளும். உள்ளே கட்டு இருந்தால் மூடாது. புதிய ரத்தக்கட்டு திரையில் ரத்தத்தைப் போலவே கறுப்பாகத் தெரியலாம். அதனால் கண்ணுக்கு ஒன்றும் படவில்லை என்று விடக் கூடாது, அழுத்திப் பார்த்தே ஆக வேண்டும். பிறகு முழங்காலுக்குப் பின்னால் அதே சோதனை.

இரண்டு இடமும் மூடினாலும், புள்ளியும் டி-டைமரும் கூடியிருந்தால் நான் அதோடு விடுவதில்லை. கெண்டைக்காலில் இருக்கும் சிறு கட்டு சில நாளில் மேலே ஏறக்கூடும். "வீக்கம் வத்திட்டாலும் அடுத்த வாரம் வந்து இன்னொரு ஸ்கேன் எடுத்துக்கணும்மா" என்று சொல்லிச் சீட்டில் தேதி எழுதுவேன்; மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ தேதி பார்க்காமல் உடனே வரச் சொல்வேன்.