ஒரு ஸ்போர்ட்ஸ் காரும் ஒரு ரஃப் நோட்டும்

போன வாரம் பழைய காகிதங்களை ஒழித்துக்கொண்டிருந்தபோது ஒரு ரஃப் நோட்டு கிடைத்தது. முதல் பக்கத்தில் என் கையெழுத்தில் 'வரிசை எண், பாகம், வந்த இடம், நாள், குறிப்பு' என்று ஐந்து பத்தி கோடு போட்டிருக்கிறது. ஆபீஸ் புத்தி, எங்கே போகும்! அது ஒரு காரின் கதை. எனக்கு சைக்கிளுக்கு மேல் எதுவும் ஓட்டத் தெரியாது. ஆனாலும் அந்தக் காருக்காக மூன்று வருடம் அலைந்திருக்கிறேன்.

என் பள்ளித் தோழன் ஒருவன். அவனுடைய அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர், எங்கள் ஊர் வழக்கப்படி சொன்னால் சொல்தா. ஓய்வு பெற்றுப் புதுச்சேரி திரும்பும்போது கப்பலில் ஒரு காரும் கொண்டுவந்தார். டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் மார்க் 2. இரண்டே பேர் உட்காரலாம், மேலே துணிக் கூரை, ஸ்டியரிங் இடது பக்கம். சிவப்பு நிறத்தில் அது கடற்கரைச் சாலையில் வந்தால் நாங்கள் பின்னாலேயே ஓடுவோம். அவர் காலமான பிறகு வண்டி கொட்டகையில் படுத்துவிட்டது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் தோழனுக்கு ஆசை வந்தது. "அப்பா ஓட்டின மாதிரியே ஒரு தடவை ஓட்டணும்பா. எல்லாம் ஒரிஜினல் பார்ட்ஸ்தான் போடணும்" என்றான்.

அந்த 'ஒரிஜினல்' என்ற ஒரு சொல்தான் எங்களைப் பாடாய்ப் படுத்தியது.

முதலில் ஒரு நல்ல செய்தி கிடைத்தது. நம்மில் பலர் ஏறிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு நினைவிருக்கிறதா? முன்பக்கம் முழுவதும் முதலை வாயைப் போல் திறக்குமே, அதுதான். 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு கம்பெனி தயாரித்தது. அதன் மூலம் இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்டு. அந்த ஹெரால்டின் அடிப்படையிலேயே 1962-இல் ஸ்பிட்ஃபயரைக் கொண்டுவந்தார்கள். இரண்டுக்கும் உருவம் தந்தவர் இத்தாலியரான ஜியோவான்னி மிக்கெலோட்டி. எஞ்சின் ஒரே குடும்பம். நம்மூர் ஹெரால்டுக்கு 948 சிசி, தோழனின் வண்டிக்கு 1147 சிசி. முன் சக்கரங்களைத் தாங்கும் அமைப்பும் ஒரே குடும்பம்தான். ஆக, பெரிய இடத்துப் பிள்ளை என்று நாங்கள் நினைத்த வண்டி, நம்ம வீட்டு ஹெரால்டுக்குச் சித்தப்பா மகன்!

தோழன் வண்டியின் நோய் அந்த முன் சக்கரத்தில்தான் இருந்தது. சக்கரத்தைத் தாங்கும் தண்டின் அடிப்பகுதியில் மரை வெட்டியிருக்கும். அது ஒரு வெண்கலக் கூட்டுக்குள் திருகி நிற்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது அந்த மரையில்தான் தண்டு திரும்பும். அதற்குக் கிரீஸ் அடிக்கக் கூடாது, 90 நம்பர் கியர் ஆயில்தான் விட வேண்டும் என்பது டிரையம்ஃப் வண்டிக்காரர்களின் பாடம். இங்கே வருடக்கணக்காகக் கிரீஸ் அடித்திருந்தார்கள். தண்ணீர் இறங்கி, மரை துருப்பிடித்துத் தேய்ந்துவிட்டது. "ஓடும்போது ஒடிஞ்சா சக்கரம் அப்படியே மடங்கிடும் சார்" என்றார் மெக்கானிக்.

சென்னைக்குப் போனோம். புதுப்பேட்டையில் ஒரு நாள் முழுக்கச் சுற்றினோம், ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கடை கடையாக ஏறி இறங்கினோம். கடைசியில் ஒருவர் இரண்டு அட்டைப் பெட்டி எடுத்துக் கொடுத்தார். பெயர், நம்பர், பழுப்பேறிய லேபிள் எல்லாம் சரியாக இருந்தன. தோழன் பேரமே பேசவில்லை. ஊருக்கு வந்து பிரித்துப் பார்த்தால், இரண்டு பெட்டியிலும் வலது பக்கத்துப் பாகமே இருக்கிறது. இடது பக்கத்துக்கு மரை எதிர்த் திசையில் ஓட வேண்டும். போன் செய்தால், "ரெண்டும் ஒண்ணுதான் சார், கொஞ்சம் அழுத்திச் சுத்துங்க, ஏறிடும்" என்கிறார்! மேலுறையில் ஒரு கோப்பு எண், உள்ளே வேறு கடிதம். இந்த மாதிரிக் காகிதங்களை என் சர்வீசில் எத்தனையோ பார்த்திருக்கிறேன். அன்றுதான் அந்த ரஃப் நோட்டைத் தொடங்கினேன்.

பிறகு திண்டிவனம் பக்கம் ஒரு வீட்டில் ஓடாத ஹெரால்டு இருப்பதாகத் தெரிந்தது. ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரின் வண்டி. தரை முழுக்கத் துரு. விலை பேசி முடித்ததும் அந்த அம்மா கேட்டார்: "ஓட்டப் போறீங்களா, பிரிக்கப் போறீங்களா?" தோழன் வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. அவர் வண்டியின் மூடியை ஒரு தடவை தடவிவிட்டு உள்ளே போய்விட்டார். அந்த ஹெரால்டிலிருந்து முன் தண்டுகளும் வெண்கலக் கூடுகளும் அளந்து பார்த்து எடுத்துக்கொள்ளப்பட்டன. பின்பக்கப் பட்டா பார்வைக்கு ஒன்று போலவே இருந்தது. ஆனால் நாலு பேர் வண்டிக்கும் இரண்டு பேர் வண்டிக்கும் பட்டாவின் பலம் வேறு என்று மெக்கானிக் அதைத் தொடவில்லை. ஸ்டியரிங் ரேக்கும் பயன்படவில்லை. அது வலது பக்க வண்டிக்கு உரியது.

ஸ்பீடாமீட்டருக்குத்தான் என் பிரெஞ்சு உதவியது. இங்கிலாந்தில் புதிது போலவே கிடைக்கும், ஆனால் மைல் கணக்கு. பிரான்சில் விற்ற வண்டிக்குக் கிலோமீட்டர் முகப்பு வேண்டும். அங்கே பழைய பாகங்கள் விற்கும் ஒருவருக்கு நான் கடிதம் எழுதினேன். ஒரு கிலோமீட்டருக்குக் கேபிள் எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்று முகப்பின் அடியில் பொடி எழுத்தில் ஒரு எண் இருக்கும். அந்த எண்ணைப் படம் எடுத்து அனுப்பினால்தான் பணம் என்று கண்டிப்பாக எழுதினேன். சரியானது வந்து சேர்ந்தது.

இங்கிலாந்தில் கேடன் என்ற ஊரில் உள்ள மோட்டார் மியூசியம், தொழிற்சாலையின் பழைய பதிவேடுகளைப் பார்த்துச் சான்றிதழ் தருகிறது. வண்டியின் எண்ணைக் கொடுத்தால் எந்த நாளில் கட்டப்பட்டது, என்ன நிறம், எந்த நாட்டுக்குப் போனது என்று சொல்லிவிடுவார்கள். தோழன் வரவழைத்தான். இடது பக்க ஸ்டியரிங், பிரான்ஸ், எல்லாம் சரி. நிறம் மட்டும் வெள்ளை! அவன் அப்பா வாங்கும் முன்பே யாரோ சிவப்பு அடித்திருக்கிறார்கள். எது ஒரிஜினல்? தோழன் இரண்டு நாள் யோசித்து, "அப்பா ஓட்டினது சிவப்பு" என்றான். சிவப்பே அடித்தோம். நோட்டில் இரண்டு நிறத்தையும் எழுதினேன்.

வண்டி ஓடியது. நானும் அவன் பக்கத்தில் உட்கார்ந்து கடற்கரை வரை போனேன். அதோடு நின்றிருந்தால் நல்லது. வெளியூரிலிருந்து ஒருவர் வந்து பெரிய விலை சொன்னார். "முழுக்க ஒரிஜினலா?" என்று கேட்டார். தோழன் "ஆமாம்" என்றான். நான் நோட்டை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டேன். அவர் படித்துப் பார்த்துவிட்டு விலையைக் குறைத்தார். தோழன் விற்கவில்லை. என்னிடம் மூன்று மாதம் பேசவும் இல்லை. "உனக்கென்னடா வந்துச்சு? நீ என்ன ஆடிட்டரா?" என்று கேட்டதுதான் கடைசி.

அவன் கோபம் எனக்குப் புரிந்தது. ஆனால் அந்த முன் சக்கரத்தில் எந்தப் பாகம் இருக்கிறது, எந்த எண்ணெய் விட வேண்டும் என்பது அடுத்து ஓட்டுபவனுக்குத் தெரிய வேண்டாமா? ஹெரால்டின் பாகம் அந்த வண்டிக்கு அவமானம் இல்லை. அதை மறைப்பதுதான் அவமானம். திண்டிவனத்து அம்மாவிடம் பதில் சொல்லாமல் வந்தோமே, அந்த உறுத்தலும் எனக்குள் இருந்தது. அவர் வண்டி எங்கே போயிற்று என்பதற்கு அந்த நோட்டில் இருக்கும் நாலு வரி தவிர வேறு சாட்சி கிடையாது.

தோழன் போய் ஆறு வருடம் ஆகிறது. வண்டி அவன் மகனிடம் இருக்கிறது. கல்லறைத் திருநாளுக்கு ஊருக்கு வந்தபோது அவன் சொன்னான்: "மாமா, நீங்க எழுதின நோட்டை அப்பா நல்ல நோட்டில பார்த்து எழுதி வண்டியிலேயே வெச்சிருக்கார்." வாங்கிப் பார்த்தேன். தோழனின் கையெழுத்து. ஒரு வரிகூட விடவில்லை. முன் தண்டு, வெண்கலக் கூடு என்ற வரிகளுக்கு எதிரே, குறிப்புப் பத்தியில், நான் எழுதாத ஒன்றை அவன் சேர்த்திருந்தான்: 'திண்டிவனம் டீச்சரம்மா வண்டி.'