மாம்பழ வாசனை

ஜாசின் நகரை அடுத்த ஒரு குடியிருப்பில் அந்தக் குடும்பம் வாழ்கிறது. தந்தை செம்பனைக் குலைகளை ஏற்றிச் செல்லும் லாரி ஓட்டுநர். தாய் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். மகன் இரண்டாம் படிவ மாணவன். சில வாரங்களாக அவனுடைய புத்தகப்பையில் மாம்பழ வாசனை வீசியது. மிட்டாயாக இருக்கும் என்று தாய் நினைத்தார். ஒருநாள் துவைப்பதற்குச் சீருடையை எடுத்தபோது, காற்சட்டைப் பையிலிருந்து தடித்த பேனா போன்ற ஒன்று கீழே விழுந்தது. அது பேனா அன்று, மின்சிகரெட்.

தந்தை பிரம்பைத் தேடினார். "அடியாத மாடு படியாது" என்றார். அப்போது பாட்டி குறுக்கே வந்து நின்றார்.

பாட்டி தோட்டத்து லயத்தில் வளர்ந்தவர். தோட்டத்தில் கள்ளுக்கடை இருந்த காலம் அது. "என் தம்பி சிறுவயதிலேயே கள் குடிக்கப் பழகினான். அப்பா அவனைத் தூணில் கட்டி வைத்து அடித்தார். அதற்குப் பிறகு அவன் குடித்ததை வீட்டில் யாரும் பார்க்கவில்லை. திருந்திவிட்டான் என்று நம்பினோம். அவன் கற்றுக்கொண்டது மறைப்பதற்கு மட்டும்தான். உண்மை தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது" என்றார் பாட்டி. பிறகு, "கள்ளாவது நாறும், காட்டிக் கொடுக்கும். இது மணக்கிறதே!" என்றார்.

பாட்டியின் அச்சம் நியாயமானது. 2022ஆம் ஆண்டு மலேசியாவில் 13 முதல் 17 வயது வரையிலான மாணவரிடையே நடத்தப்பட்ட சுகாதார ஆய்வில், 14.9 விழுக்காட்டினர் மின்சிகரெட் புகைப்பது தெரிய வந்தது. 2017இல் அது 9.8 விழுக்காடாக இருந்தது. 18 வயதுக்குட்பட்டோருக்குப் புகைத்தல் பொருள்களை விற்பதைத் தடைசெய்யும் சட்டம் 852, 2024 அக்டோபர் 1 முதல் நடப்பில் உள்ளது. ஆயினும், சட்டம் கடையைத்தான் கண்காணிக்கும். பிள்ளையின் மனத்தை அறிவது பெற்றோரின் பொறுப்பு.

மின்சிகரெட் திரவங்கள் பலவற்றில் நிக்கோட்டின் உள்ளது. வளரும் மூளை அதற்கு விரைவில் அடிமையாகும். திடீரென நிறுத்தினால் எரிச்சல், தூக்கமின்மை, கவனச்சிதறல் ஆகியவை தோன்றும். ஆகவே, "நாளை முதல் தொடாதே" என்ற கட்டளை மட்டும் போதாது.

அன்று இரவு, கோபம் தணிந்த பிறகு, தாய் மகனின் அருகில் அமர்ந்தார். "ஏன் செய்தாய்?" என்று அதட்டவில்லை. "தம்பி, இது எப்படித் தொடங்கியது?" என்று கேட்டார். நெடுநேரம் கழித்து அவன் வாய் திறந்தான். நண்பர்கள் கொடுத்ததாகவும், மறுத்தால் கேலி செய்வார்கள் என்று அஞ்சியதாகவும் சொன்னான். பின்னர்த் தயங்கியபடி, "அப்பாவும் சிகரெட் புகைக்கிறாரே!" என்றான்.

வாசலில் நின்றிருந்த தந்தைக்குச் சுருக்கென்றது. அவர் எதுவும் பேசவில்லை. சட்டைப் பையிலிருந்த சிகரெட் பெட்டியை எடுத்து மேசைமீது வைத்தார்.

அதற்காக அவர்கள் தவற்றைக் கண்டும் காணாமல் விட்டுவிடவில்லை. வீட்டில் யாரும் புகைக்கக்கூடாது என்ற விதி தந்தைக்கும் பொதுவானது. கைச்செலவுப் பணத்திற்கு மகன் கணக்குக் காட்ட வேண்டும். பள்ளி ஆலோசக ஆசிரியரைத் தாய் சந்தித்தார். புகைப்பழக்கத்தை நிறுத்த அரசாங்கச் சுகாதார மருந்தகத்தில் உதவி கிடைக்கும் என்று அறிந்து, தந்தையும் மகனும் ஒன்றாகச் சென்றனர். மாலையில் மகனுக்குப் பந்து விளையாட்டு. வீடு திரும்பியதும் பாட்டியுடன் தேநீர்.

மூன்றாம் வாரத்தில் ஒருநாள், பள்ளியிலிருந்து வந்த மகன் சமையலறை வாசலில் தலைகுனிந்து நின்றான். "அம்மா, இன்றைக்கு ஒருமுறை புகைத்துவிட்டேன்" என்றான்.

தாய்க்கு வருத்தம்தான். ஆனால், இம்முறை அவர் பையைச் சோதித்துக் கண்டுபிடிக்கவில்லை. அவனே வந்து சொன்னான். அடுப்பை அணைத்துவிட்டு, "உட்கார், பேசுவோம்" என்றார். பாட்டியின் தம்பிக்குக் கிடைக்காத வாய்ப்பு அது.