சோட்டா ஷிக்ரியின் ஐந்தொகை

மணாலிக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் ரோஹ்தாங் கணவாய் வரையில் ஏறிப் பனியைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். 2020-ஆம் வருஷத்தில் அடல் சுரங்கப் பாதை திறக்கப்பட்டது முதல் மலைக்கு அப்பாலுள்ள லாஹூலுக்கு ஜனங்கள் ஏராளமாக வரத் தொடங்கியிருக்கிறார்கள். அவர்களிலும் அநேகர் கேலாங் பக்கம் திரும்பிவிடுவார்கள். சந்திரா நதியை எதிர்த்துக் கிழக்கே செல்லும் கரடுமுரடான பாதை, ஸ்பிதிக்குப் போகத் துணிந்தவர்களுக்கே விதித்தது.

பீர் பஞ்சால் மலைத் தொடரின் இந்தப் பக்கம் தேவதாரு வனமும் மழையும். அந்தப் பக்கம் மொட்டைப் பாறையும் காற்றும். சத்ரு என்னும் தங்குமிடத்தைத் தாண்டிச் சிறிது தூரம் சென்றதும், நதிக்கு எதிர்க்கரையில் ஒரு பள்ளத்தாக்கு வாய் திறக்கிறது. அதற்குள் ஒளிந்திருப்பதுதான் சோட்டா ஷிக்ரி என்னும் பனியாறு. 'சின்ன' என்று பெயர் பெற்றாலும் அதன் நீளம் 9 கிலோமீட்டர்! அருகிலுள்ள பெரியண்ணன் பாரா ஷிக்ரியோடு ஒப்பிட்டுத்தான் இந்தப் பெயர் வந்திருக்க வேண்டும்.

அங்கே போவதற்குப் பாலம் என்று நம்பி யாரும் புறப்படலாகாது. நதிக்குக் குறுக்கே கட்டிய கம்பி வடத்தில் ஒரு தொட்டில் தொங்குகிறது. அதிலே ஏறி அக்கரை சேர்ந்து, பாறைக் குவியல்களின் மேல் நடந்து, 4,000 மீட்டர் உயரத்துக்கு மேல் பனியாற்றின் வாயை அடைய வேண்டும். இவ்வளவு கஷ்டப்பட்டுப் போகிறவர்கள் அங்கே என்ன செய்கிறார்கள்? மூங்கில் கழியை அளக்கிறார்கள்!

சிரிக்க வேண்டாம். கடைக்காரர் வருஷ முடிவில் ஐந்தொகை போட்டுப் பார்ப்பதில்லையா? பனியாற்றுக்கும் அதே கணக்குத்தான். மேல் மட்டத்தில் விழுந்து தங்கும் பனி வரவு. கீழ் மட்டத்தில் உருகி ஓடுவது செலவு. நீராவித் துளைகருவியால் பனிக்கட்டியில் ஆழமாகத் துளையிட்டு மூங்கில் கழிகளை நட்டுவிடுகிறார்கள். அடுத்த வருஷம் புரட்டாசி வாக்கில் வந்து பார்த்தால் கழி எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதோ, அவ்வளவு பனிக்கட்டி கரைந்துபோயிற்று என்று அர்த்தம். மேலே 5,000 மீட்டருக்கு அப்பால் குழி வெட்டி, அந்த வருஷத்துப் பனி எத்தனை அடுக்கு, அதன் எடை என்ன என்று பார்க்கிறார்கள். புதுப்பனி பஞ்சு போன்றது. பழம்பனியோ கல் போன்றது. ஆகையால் இரண்டையும் ஜலமாக மாற்றித்தான் பேரேட்டில் எழுதுவது வழக்கம்.

பனியாற்றின் முனை பின்வாங்கிய தூரத்தை அளந்தால் போதாதா என்று கேட்கலாம். கங்கோத்ரியில் 1935 முதலே அந்த அளவைக் குறித்து வருகிறார்கள். ஆனால் முனை என்பது பல வருஷங்களுக்கு முன் நடந்த வரவு செலவின் பலனை இன்று காட்டுவது. இந்த வருஷத்து லாப நஷ்டத்தை அதனிடம் கேட்டுப் பயனில்லை.

சோட்டா ஷிக்ரியின் கணக்கை 2002-ல் ஜவாஹர்லால் நேரு சர்வகலாசாலையின் ஆராய்ச்சியாளர்களும் பிரெஞ்சு விஞ்ஞானிகளும் கூடித் தொடங்கினார்கள். அதற்கு முன்பே 1987 முதல் 1989 வரையில் சிலர் அளந்திருந்தார்கள். பிறகு பதின்மூன்று வருஷம் ஏடு வெறுமை. நம் தேசத்தில் இந்த வியாதி புதிதல்ல. ஹிமாசலத்திலேயே காரா என்ற பனியாற்றை 1974-ல் அளக்கத் தொடங்கிச் சில வருஷங்களில் விட்டுவிட்டார்கள். ஸ்வீடன் தேசத்திலோ, ஸ்டோர்கிளாசியாரன் என்ற சின்னஞ்சிறு பனியாற்றை 1946 முதல் ஒரு வருஷமும் தவறாமல் அளந்து வருகிறார்கள்.

விடுபட்ட காலத்தால் நேர்ந்த சங்கடம் கொஞ்சமல்ல. பழைய உயர அளவுகளையும் புதியவற்றையும் வைத்துப் பார்த்ததில், 1990-களில் இந்தப் பனியாறு ஏறக்குறைய வரவுக்குச் செலவு சரியாக இருந்ததாகத் தெரிந்தது. நஷ்டம் பெரும்பாலும் அதற்குப் பின் வந்தது. ஆனால் எந்த வருஷம் தராசு சாய்ந்தது? அந்தப் பதின்மூன்று வருஷங்களில் கழி நட்டிருந்தால் சொல்லியிருக்கலாம்.

2002-க்குப் பிந்திய ஏடு தெளிவாகப் பேசுகிறது. சில வருஷங்களில் லாபம்; பல வருஷங்களில் நஷ்டம். சராசரியாக வருஷத்துக்கு அரை மீட்டருக்குச் சற்றுக் குறைந்த ஜலம், பனியாற்றின் பரப்பு முழுவதிலிருந்தும் போய்விடுகிறது. பரப்பு பதினைந்து சதுர கிலோமீட்டருக்கு மேல்; ஆக, ஈடாகாமல் போகும் ஜலம் ஆண்டுக்குச் சுமார் 700 கோடி லிட்டர். அது சந்திராவில் விழுந்து, தாண்டியில் பாகா நதியோடு கூடிச் செனாப் என்ற பெயரில் போகிறது. இப்போது நதியில் அதிகமாக வரும் அந்த நீர் முதலிலிருந்து எடுத்த செலவு என்பதைக் கரையிலிருந்து பார்க்கிறவர்கள் அறிய முடியாது.

இன்னொரு விநோதமும் அந்த ஏட்டில் இருக்கிறது. கோடையின் நடுவில், பருவமழைக் காலத்தில் ஒரு நல்ல பனி பெய்துவிட்டால் அந்த வருஷத்து நஷ்டம் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. பெய்த பனியின் எடையினால் மட்டும் அல்ல, அதன் வெண்மையினால். அழுக்கேறிய பழைய பனிக்கட்டி வெயிலைக் குடிக்கிறது. புதுப்பனியோ வெயிலைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. ஒரு வாரத்துப் பனி ஒரு மாதத்து உருகலைத் தடுக்கக்கூடும்.

கழிகளில் சில முழுதும் வெளிவந்து சாய்ந்து கிடக்கும். அவற்றுக்குப் பதிலாகப் புதிய துளை போட வேண்டும். ஐப்பசி பிறந்தால் மேலே பனி எப்போது வேண்டுமானாலும் பாதையை மூடிவிடும். அதற்குள் அளந்து, எழுதி, மறுபடி தொட்டிலில் ஏறிச் சந்திராவைக் கடந்தாக வேண்டும்.